வண்டிக்கும் மூச்சுக்கும் ஒரே டாங்கி

நாள் 412. காலை 06:10

சிட்டு, இந்தப் பதிவேட்டை இனி நான்தான் எழுத வேண்டும். காலையும் மாலையும் எழுதுவது விதி. நீ இருந்தவரை நீ எழுதினாய்.

எடுத்துப் படிப்பவர்களுக்கு: என் பெயர் மயிலாத்தாள். ஊர் அவிநாசிப் பக்கம். ஏழாவது வரை படித்தவள். செவ்வாயில் ஏழாம் துளைக் கூடத்தில் சமையல் வேலை. தண்ணீருக்குத் துளை போடும் மிஷினை என் தம்பி நவநீதன் பார்த்துக்கொண்டான். அவன்தான் சிட்டு. மற்றவர்கள் புழுதிப் புயலுக்கு முன்பே தலைமை முகாமுக்குப் போய்விட்டார்கள். மிஷினை மூடிவிட்டுப் போகலாம் என்று நாங்கள் இரண்டு பேர் தங்கினோம்.

வெயில் இல்லாமல் காற்று செய்யும் மிஷின் நின்றுவிட்டது. இருப்பில் ஐந்து நாள் மூச்சு. தம்பி இறந்து மூன்று நாள். ரசம் வைத்தேன். இரண்டு பேருக்கு வைத்துவிட்டேன்.

நாள் 412. மாலை 17:40

முகாமிலிருந்து இருதயராஜ் பேசினார். அப்படியே எழுதுகிறேன்.

"யக்கா, ரோவருக்கு வெயில்லதான் சார்ஜ் ஏறும். புழுதி அடங்கப் பத்து நாளாவது ஆவும். அசையாம படுத்துக் கெடங்க. தம்பி பூட்டுன அந்த வண்டிய மட்டும் தொட்ராதீங்க, கும்பிட்டுக் கேக்கேன்."

"பத்து நாள் படுக்க அஞ்சு நாள் காத்துதானுங்க இருக்குது."

ரேடியோவை வைத்தேன்.

முகாம் ஐம்பத்திரண்டு கிலோமீட்டர். நீ செய்த வண்டிக்கு வெயில் வேண்டாம். ஊரில் ஓட்டின ஸ்போர்ட்ஸ் பைக்கின் இன்ஜின் அது. உதிரி உதிரியாகக் கொண்டுவந்து நீ பூட்டினாய். ஒரு டாங்கியில் மீத்தேன், ஒரு டாங்கியில் ஆக்சிஜன். முகாமில் நடக்க இருந்த ஞாயிற்றுக்கிழமை ரேஸில் ஜெயிக்கச் சைலென்சரை வெட்டி, புகை தடையில்லாமல் போகும் ஃப்ரீ ஃப்ளோ ஆக்கினாய். இங்கே வெளியே சத்தமே கேட்காது, எவனுக்குடா வெட்டினாய் என்று அன்றைக்குச் சிரித்தேன்.

நாள் 413. காலை 06:05

நீ போன அன்று ரேடியோவில் பதிவானதைத் திரும்பக் கேட்டேன். பத்தொன்பதாம் நிமிடம்:

"அக்கோவ், மூச்சு சிலிண்டர மறந்துட்டு வந்துட்டனாட்ட இருக்குது. திட்டாத. உடுப்புக் குழாய வண்டியோட ஆக்சிஜன் டாங்கியிலயே சொருகியிருக்கறேன். முகாம் போயி ரோவர் பேட்டரிக்கு ஒரு வழி பண்ணிட்டு வாறேன். நீ ஒறங்கு."

முப்பத்தோராம் நிமிடம்:

"அக்கா, டாங்கி முள்ளு சரசரன்னு எறங்குது. ஷெட்டுல இப்படி எறங்கலியே."

அதோடு சரி.

ஒன்பதாம் கிலோமீட்டரில் கிடந்தாய். என் சிலிண்டரை மாட்டிக்கொண்டு நடந்து வந்தேன். உன்னைத் தூக்கலாம், இல்லை வண்டியைத் தள்ளலாம். இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியாது. உன் மேல் கல் அடுக்கிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தேன்.

நாள் 413. மதியம் 14:20

இருப்பிலிருந்து கொஞ்சம் வண்டி டாங்கிக்கு ஏற்றி, ஷெட்டுக்குள் மூன்று நிமிடம் ஓடவிட்டேன். முள் நாலு கோடு இறங்கியது. வெளியே மூன்று நிமிடம். ஒன்பது கோடு. இந்த ஆறு நிமிடத்தில் கால் நாளுக்கு மேல் என் மூச்சு போனது.

ஷெட்டுக்குள் காற்று இருக்கிறது. குழாயின் வாயை அது அடைத்துக்கொண்டு நிற்கிறது. வெளியே காற்று இல்லாத மாதிரிதான். வெட்டின குழாய் வழியாக எரியாததும் சேர்ந்து ஓடிவிடுகிறது. வெயிட் போடாத குக்கர் மாதிரி. நீ ஊரில் டியூன் செய்த மாதிரியே செய்தாய். ஷெட்டுக்குள்ளேயே வைத்துச் செய்தாய்.

எனக்கு அழுகை வரவில்லை. பாத்திரம் கழுவினேன்.

நாள் 414. காலை 09:30

எவர்சில்வர் டம்ளரின் அடியை அறுத்து நடுவில் ஓட்டை போட்டேன். குழாய் வாயில் வைத்து நாலு ஸ்குரூ. ஓட்டை சின்னது. இன்ஜின் மூச்சு முட்டி நின்றது. பிளக்கைக் கழற்றினால் அடுப்புக் கரி. அரத்தால் ஓட்டையைப் பெரிதாக்கினேன். எரிபொருளை அளந்து விடும் உன் பெட்டியில் மீத்தேனைக் குறைக்கும் பொத்தானை ஏழு தட்டு தட்டினேன். அளவு சரின்னா பிளக் பிஸ்கட் கலரில் இருக்கணும்க்கா என்பாய். இருந்தது.

வெளியே மூன்று நிமிடம். நாலரைக் கோடு.

ஒரு டம்ளர்தான் சிட்டு.

நாள் 415. காலை 07:00

இருப்பில் இருந்ததையெல்லாம் வண்டி டாங்கிக்கு ஏற்றிவிட்டேன். என் சிலிண்டரை நிரப்ப ஒன்றும் மிச்சமில்லை. உன்னைத் தேடிப் போனதில் அது முக்கால் காலி.

உன் சிலிண்டர் சமையலறைக் கதவோரம் நிற்கிறது. டிபன் பாக்ஸை மறந்துவிட்டுப் போவாயே, அதே இடம். இத்தனை நாளும் அதைத் தாண்டித்தான் நடந்தேன். இன்று தூக்கினேன். முழுசாக இருக்கிறது.

இருதயராஜிடம் சொன்னேன்.

"யக்கா, கிறுக்குப் பிடிச்சிருக்கா உங்களுக்கு?"

"வெளக்கப் போட்டு வையுங்க."

நாள் 415. 08:25

ஹெல்மெட்டில் சொல்வது பதிவேட்டில் எழுத்தாகும் என்றாய். சொல்கிறேன். ஒன்பதாம் கிலோமீட்டர். கல் அப்படியே இருக்கிறது. நிறுத்தவில்லை. நிறுத்தினால் திரும்பக் கிளப்ப வேண்டும்.

நாள் 415. 09:50

முப்பத்திநாலு. புழுதியில் ஊர்ந்துதான் வருகிறேன். என் சிலிண்டர் தீர்ந்தது. இறங்கி உன்னுடையதை மாட்டிவிட்டேன். மூச்சு வருகிறது. டாங்கி முள் பாதியில் நிற்கிறது. வண்டி போய்ச் சேர்ந்துவிடும் போலத்தான் இருக்கிறது.

மாட்டும்போது ஒன்று உறைத்தது. குழாய் எதிலாவது சொருகி இருந்தால்தான் ஷெட்டின் வெளிக்கதவு திறக்கிறது. காலையில் எனக்கும் அப்படித்தான் திறந்தது. அப்படியானால் கதவைத் திறக்கும் முன்பே டாங்கியில் சொருகிவிட்டாய். நடுவழியில் ஞாபகம் வந்த மாதிரி சொன்னாயே. சிலிண்டரை எனக்கென்று விட்டுப் போனாயோ. இல்லை, ஷெட்டில் வண்டியைச் சோதித்தபோதே சொருகி, அப்படியே விட்டுவிட்டாயோ. உனக்கு மறதி அதிகம். டிபன் பாக்ஸ், கையுறை, அம்மா திவசம்...

இன்னும் பதினெட்டு கிலோமீட்டர். வெளிச்சம் எதுவும் தெரியவில்லை. உன் காற்று ரப்பர் வாசம் அடிக்கிறது.

சிட்டு, நெசமாவே மறந்துட்டுத்தான் போனியா?