குதிகால் பதியாத தடம்

10 ஜூலை 2000
பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு ‘டைனோசர் எப்படி நடந்தது’ என்ற தலைப்பு நான் பாடம் எடுக்கும் வகுப்புக்கு விழுந்தது. வேறு யாரும் எடுக்கவில்லை. இன்று என் மகள் மணிமொழிக்கு நான்கு வயது முடிந்தது. இன்னும் நடக்கவில்லை. கேக் வாங்கினோம்.

2 ஆகஸ்ட்
வேலூர் டாக்டர். கெண்டைக்கால் தசை இறுக்கம், குதிகால் தரையில் படவில்லை. நடப்பாளா என்று கேட்டேன். “பொறுத்துப் பாக்கணும்ங்க.” திரும்பும் பஸ்ஸில் போளூர் வரை ஒன்றும் தோன்றவில்லை. அதற்குப் பிறகும் தோன்றவில்லை.

7 ஆகஸ்ட்
கண்காட்சிக்குப் படித்தேன். எலும்பு செத்ததைத்தான் சொல்லும். சேற்றில் பதிந்து கல்லாகிப்போன காலடிதான் உயிரோடு நடந்ததைச் சொல்லும். வால் இழுபட்ட கோடு அநேகமாக இல்லை, அதனால் வாலைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறது. தடங்களின் இடைவெளியை வைத்து வேகம். யாருமே பார்க்காத நடை! விரல்களை மட்டும் ஊன்றி நடந்தது, குதிகால் உயர்ந்தே இருந்தது — அந்த வரியில் புத்தகத்தை மூடிவிட்டேன்.

14 ஆகஸ்ட்
பௌர்ணமி. அவளுடைய அப்பா அவளைத் தோளில் வைத்து மலை சுற்றப் போனார். நடக்கும்வரை மாதாமாதம் என்று வேண்டுதல்.
“கொஞ்சம் எறக்கித்தான் விடுங்களேன்.”
“கொழந்தைக்கு வலிக்கும்டி. நான் இருக்கேன் இல்ல?”
வெளியே அவர் தோள், வீட்டில் என் இடுப்பு. இவள் தரையை எப்போது பார்ப்பாள்? சண்டை போடவும் தெம்பில்லை.

19 ஆகஸ்ட்
டாக்டர் சொன்ன கால் பயிற்சியை இன்று அவளுக்குச் செய்துவிடவில்லை.

22 ஆகஸ்ட்
கிருஷ்ண ஜெயந்தி. எதிர்வீட்டு கஸ்தூரி வந்து வாசலிலிருந்து சாமி அலமாரி வரை மாவில் கண்ணன் பாதம் வைத்தாள். மூடிய கையின் ஓரத்தால் ஒரு ஒற்று, விரலால் ஐந்து புள்ளி. எல்லாம் ஒரே அளவு, ஒரே இடைவெளி. இந்தக் கண்ணன் ஒருநாளும் விழுந்ததே இல்லை போல. எரிச்சலாக வந்தது. மணிமொழியைக் கூடத்துச் சுவரோரம் உட்காரவைத்துவிட்டு இருவரும் சீடை பொரிக்கப் போனோம்.

திரும்பி வந்தால் மாவுக் கிண்ணம் கவிழ்ந்து கிடக்கிறது. சுவரில் ஐந்து விரல். கொஞ்சம் தள்ளி மறுபடி ஐந்து விரல். தரையில் கால்விரல்களும் முன்பாதமும் மட்டும். குதிகால் இல்லை. தவழ்ந்திருந்தால் முட்டி பட்டிருக்கும், இழுபட்ட கோடு இருக்கும். இல்லையே. அப்புறம் சுவரை விட்டு, கண்ணன் பாதங்களுக்குக் குறுக்கே, மூன்று தடம். அதற்கப்பால் சப்பையாக ஒரு பெரிய கறை. விழுந்திருக்கிறாள்.

அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்து, படைக்க வைத்த முறுக்கைத் தின்றுகொண்டிருந்தாள்.
“யாருடி நடந்தது?”
“நான் இல்ல.”
பாவாடை முழுக்க மாவு. உள்ளேயிருந்து கஸ்தூரி, “அக்கா, சீடை கருகுது” என்றாள். கருகட்டும் என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

சாயங்காலம் அவர் வந்ததும் வழக்கம்போல அவளைத் தூக்கக் குனிந்தார். “தூக்காதீங்க. மொதல்ல கீழ பாருங்க” என்றேன்.

13 செப்டம்பர்
பௌர்ணமி. தோளில்தான் போனாள். திரும்பி வந்தபோது தூங்கியிருந்தாள். கட்டிலில் கிடத்தும்போது பார்த்தேன், கால்விரல்களில் மட்டும் மண். கழுவவில்லை. அப்படியே போர்த்திவிட்டேன்.