மிஸ்ஸின் மூன்றாம் பாடம்

மார்ச் 4, செவ்வாய்

அப்பா இரவு ஒன்பது மணிக்கே என் மடிக்கணினியைப் பறித்து வைத்துவிட்டார். "இந்த வருஷம் படிப்பு மட்டும்" என்பது அவருடைய சட்டம். அதனால் விஞ்ஞானக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதுகிறேன்.

இன்றும் ஒரு மின்னஞ்சல். "மிஸ், படம் பக்கத்தில் தெரியவில்லை." மெல்பேர்னில் கோழித் தொழிற்சாலையில் வேலை செய்யும் விஜயரத்தினம் அங்கிள். படத்தின் பெயரைப் பிழையாக எழுதியிருந்தார், சொன்னேன். "நன்றி மிஸ், நீங்கள் தெய்வம்."

தெய்வத்துக்குப் பதினைந்து வயது என்று தெரிந்தால்?

மார்ச் 9, ஞாயிறு

எப்படி மாட்டிக்கொண்டேன்? எங்கள் தமிழ்ச் சங்கம் தொலைக்கல்வியாக ஒரு சான்றிதழ் வகுப்பு நடத்துகிறது. இணையப்பக்கம் செய்யப் பழகுவது, தமிழில், பன்னிரண்டு வாரம், ஆறு பாடம், இலவசம். எட்டுப் பேர். எல்லாரும் படகில் அகதிகளாக வந்து தற்காலிக விசாவில் இருப்பவர்கள், கல்லூரிக் கட்டணம் கட்டமுடியாது. பொறுப்பு பிரதீப்குமார் அண்ணா. பாடங்களை ஏற்றுவதும் "கிடைத்தது" என்று பதில் போடுவதும் மட்டுமே என் வேலை. பிறகு அவருக்குக் குழந்தை பிறந்தது. "ரெண்டு கிழமை சமாளியும், நான் வந்து திருத்துறன்" என்றார். ஐந்து வாரமாகிவிட்டது. கேள்விகள் வந்தன, பதில் தெரிந்தது, சொன்னேன். பிறகு திருத்தவும் தொடங்கினேன்.

பாடங்கள் கணினிக்காக எழுதப்பட்டவை. எட்டுப் பேரில் ஏழு பேரிடம் போன் மட்டும்தான். ஒவ்வொரு பாடத்தையும் போனுக்கு ஏற்றபடி மாற்றி எழுதுகிறேன். பயமாக இருக்கிறது. பிடித்தும் இருக்கிறது.

மார்ச் 18, செவ்வாய்

மூன்றாம் பாடத்துக்கு ஒருவரும் ஒன்றும் அனுப்பவில்லை. எல்லாவற்றிலும் சுலபமானது அதுதான் - 'உங்களைப் பற்றி ஒரு பக்கம் செய்யுங்கள்.' நான் பிழையா விளங்கப்படுத்திட்டனோ?

மார்ச் 22, சனி

சிட்னி ஹரிஸ் பார்க் கடையில் அம்மாவுடன் வரிசையில் நின்றேன். முன்னால் யோகராணி அன்ரி. அலுவலகங்களில் துப்புரவு வேலை செய்பவர், என் எட்டுப் பேரில் ஒருவர். அவருடைய மிஸ் நான்தான் என்பது அம்மாவுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

"அந்தக் கொம்பியூட்டர் வகுப்பை விட்டிட்டன் அக்கா" என்றார். "பேர், படம், எந்த ஊர், எப்ப வந்தனீங்கள் எல்லாம் போடட்டாம். எங்கட கேஸ் இன்னும் முடியேல்ல. அதுகளை நெட்டில போடேலுமே?"

"மிஸ்ஸிட்டச் சொல்லிப் பாக்கிறதுதானே" என்றார் அம்மா.

"மிஸ் நல்லவதான். எங்கட நிலைமை அவவுக்கு விளங்காது. பாவம், அவ எங்க படகில வந்தவ?"

அரிசிப் பையைப் பிடித்தபடி நின்றேன். ஏன் எனக்கு இது தோணேல்ல? எட்டுப் பேரையும் பயப்படுத்திப்போட்டு, அவையள் சோம்பேறியள் எண்டு நினைச்சனே.

மார்ச் 23, ஞாயிறு

மூன்றாம் பாடத்தைப் புதிதாக எழுதி எட்டுப் பேருக்கும் அனுப்பினேன். 'உங்களுக்குத் தெரிந்த ஒரு வேலையைப் பற்றிப் பக்கம் செய்யுங்கள். பெயர் வேண்டாம். உங்கள் படம் வேண்டாம். எனக்கு மட்டும் அனுப்பினால் போதும்.' கீழே மன்னிப்பும் கேட்டேன்.

மார்ச் 31, திங்கள்

ஏழு வந்துவிட்டன, எட்டாவது நாளைக்காம்! யோகராணி அன்ரியின் பக்கம்: கம்பளத்தில் கோப்பி சிந்தினால் முதல் பத்து நிமிடத்தில் என்ன செய்வது. விஜயரத்தினம் அங்கிளின் பக்கம்: குளிர் அறையில் விரல் விறைத்தால் சூடாக்க மூன்று வழி. மூன்றாவது வழி தேநீர்க் கோப்பை. 'குடிக்க வேண்டாம், கையில் பிடித்திருந்தால் போதும்' என்று எழுதியிருக்கிறார். பள்ளிக்கூட பஸ்ஸில் தனியாகச் சிரித்தேன்.

ஏப்ரல் 12, சனி

விஜயரத்தினம் அங்கிள் ஓர் அச்சகத்தில் இணையப்பக்கம் பார்க்கும் வேலைக்குக் கேட்டிருக்கிறார். சான்றிதழைக் கொண்டுவரச் சொன்னார்களாம். சின்னப் பிள்ளை திருத்தியது என்று தெரிந்து சங்கம் அதைக் கொடுக்காமல் விட்டால்?

ஏப்ரல் 26, சனி

பிரதீப்குமார் அண்ணா கூப்பிட்டார். "மூண்டாம் பாடம் மாறிக் கிடக்கு. ஆர் மாத்தினது?"

எல்லாவற்றையும் சொன்னேன். பின்னால் குழந்தை அழுதது.

"பிழை என்னிலதான். ஆனா சான்றிதழில கையெழுத்து என்ரது. பாக்காமல் குடுக்கேலாது. எட்டுப் பேரின்ரயையும் முதலில இருந்து திருத்துறன். அப்பாவிட்ட நீர்தான் சொல்ல வேணும்."

ஏப்ரல் 29, செவ்வாய்

அப்பாவிடம் சொன்னேன். கணிதத்தில் எத்தனை என்று கேட்டார். எண்பத்தெட்டு. "ம்" என்றார். அவ்வளவுதான். இவ்வளவு நாள் இதுக்கோ பயந்தனான்?

இரவு பிரதீப்குமார் அண்ணாவின் செய்தி: "எட்டுப் பேரும் பாஸ். ரெண்டு பேருக்கு நான் புள்ளி கூடப் போட்டனான். நீர் சரியான கஞ்சம்."

மே 3, சனி

சூமில் சான்றிதழ் வழங்கினோம். பெரும்பாலானோர் கமராவை மூடியே வைத்திருந்தார்கள். நான் திறந்தேன்.

"பிள்ளை, மிஸ்ஸைக் கூப்பிடம்மா" என்றது விஜயரத்தினம் அங்கிளின் குரல்.

"நான்தான் அங்கிள்."

யாரோ இருமினார்கள். பிறகு அங்கிள் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அப்ப ஒண்டு கேக்கட்டே மிஸ்? என்ர மெனு போனில வலப்பக்கம் வெளிய ஓடுது."

சொல்லிக்கொடுத்தேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

அச்சகம் அங்கிளுக்குக் கிழமையில் இரண்டு நாள் கொடுத்திருக்கிறது. மற்ற நாட்களில் கோழி. வகுப்பின் இரண்டாம் அணியில் பத்தொன்பது பேர். சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்துத் திருத்திக்கொண்டிருந்தேன். அம்மா தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"ஏன் இந்தப் பிள்ளைக்கு நாலு புள்ளி குறைச்சனீ? நிறம் எவ்வளவு வடிவாப் போட்டிருக்கு."

"எழுத்து வாசிக்கேலாமல் இருக்கம்மா."

"நான் வாசிக்கிறன்தானே" என்று கதிரையை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு புள்ளி மட்டும் கூட்டினேன்.