வேலைக்கான பேச்சு

தங்கச்சிக்கு,

நான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடைக்கே நீ இன்று கண்ணைச் சோதிக்க வருவாய் என்று கனவிலும் நினைக்கவில்லை. தெரிந்துதான் வந்தாயா?

நீ சபையை விட்டுப் போய் நான்கு வருடமாகிறது. விலகியவர்களோடு வேலைக்கான பேச்சு மட்டும் பேசலாம் என்பது மூப்பர்களின் கட்டளை. அதனால்தான், "முகவாயை இதுல வைங்க" என்று உன்னை யாரோ போல மரியாதை போட்டுப் பேசினேன். உன் முகம் சுருங்கிப் போனது.

பிறகு எனக்கு என்ன ஆனதென்றே புரியவில்லை. எழுத்துகளை வாசிக்கச் சொன்னேன். தப்பில்லாமல் வாசித்தாய். மறுபடியும் வாசிக்கச் சொன்னேன். ஆறாவது தடவை, "அக்கா, எல்லாம் நல்லாத்தான் தெரியுது. இன்னும் எத்தனை தடவை?" என்றாய். "கடைசி வரியை மட்டும் இன்னொரு தடவை," என்றேன். உன் குரலைக் கேட்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அது வேலைக்கான பேச்சா, பாவமா? அம்மாவிடம் கேட்கத்தான் வீட்டுக்கு ஓடி வந்தேன். யாரோ அதற்குள் சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது. நான் வாயைத் திறக்கும் முன்பே அம்மா கதவைச் சாத்திவிட்டு, "இளைச்சுட்டாளாடி?" என்று கேட்டாள். பதில் சொல்வதா கூடாதா என்று தெரியாமல் தலையை மட்டும் ஆட்டினேன்.

உன் சீட்டில், ஒரு மாதம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். உன் கண்ணில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் வா. அன்று அம்மாவுக்கும் கண்ணைச் சோதிக்க வேண்டுமாம்.

உன் அக்கா