ஆம்பூர் வழியாக வேண்டாம்

மார்ச் 9
முட்டி வலி. நாளை முதல்வர் ஆம்பூர் வருகிறார். தொகுதி என்னுடையது, தொழிலாளர் நலத் துறையும் என்னுடையது. பாலாற்றைக் கெடுத்த தோல் தொழிற்சாலைகளை மூடியாயிற்று; வேலை போனவர்களிடம் நேரில் பேச வேண்டுமாம். வேண்டாம் தலைவரே என்றேன். "மூடினவன் நான்தானே ஜெயசீலா, நானே வர்றேன்" என்றார். பிடிவாதம். இந்த மனிதரோடு இத்தனை வருடம் எப்படிக் குப்பை கொட்டினேனோ!

மார்ச் 10
மேடையிலிருந்து இறங்கும்போது தலைவரை ஒருவன் குத்திவிட்டான். தோல் சீவும் கத்தி. வேலை போனவன், எங்கள் ஊர்க்காரன். தலைவருக்கு வேலூர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடக்கிறது. என் சட்டையெல்லாம் அவர் ரத்தம்.

மார்ச் 11
வெளியே கட்சிக்காரர்கள் கத்துகிறார்கள்: "ஆம்பூரைச் சும்மா வுட்றதா?"

தலைவர் கண் விழித்தார். என்னை மட்டும் கூப்பிட்டார். "செத்தா என்னைக் கிருஷ்ணகிரிக்கு, சொந்த ஊருக்குத்தான் எடுத்துட்டுப் போவானுங்க. ஆம்பூர் வழியா வேணாம். ஊரையே கொளுத்திடுவானுங்க. நீ பாத்துக்க."

அவ்வளவுதான். அடுத்த முதல்வர் யார் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தண்ணீர் கேட்டார். கொடுக்கக்கூடாது என்றார் நர்ஸ். ஈரப் பஞ்சால் உதட்டைத் துடைத்துவிட்டேன்.

மார்ச் 12
விடியற்காலையில் போய்விட்டார். கையைப் பிடித்தபடியே இருந்தேன்.

நிதியமைச்சர் சூரியபிரகாஷ் ஊர்வலம் என்கிறார் — திறந்த வண்டியில், ஆம்பூர் வழியாக. தலைவர் சொன்னதை எல்லா மந்திரிகளிடமும் சொன்னேன். "உங்க ஊரைக் காப்பாத்த நல்ல கதைண்ணே. உங்களத் தவிர யாரு கேட்டது?" என்றார் சூரியபிரகாஷ். மற்றவர்கள் தலை குனிந்துகொண்டார்கள்.

பிறகு தனியாகக் கூப்பிட்டார். "சரி, ஹெலிகாப்டர்லயே அனுப்பிடலாம். ஆனா கடைசியா அவரு என் பேரைத்தான் சொன்னாருன்னு நீங்க சொல்லணும். நீங்க சொன்னா எல்லாரும் நம்புவாங்க."

இன்னா மனுஷன் இவன்! அவர் உடம்புகூட இன்னும் ஆறல —

அவர் சொல்லாததை அவர் வாயில் எப்படிப் போடுவேன்? போடாவிட்டால் ஆம்பூர்? பாத்துக்க என்றாரே, எப்படி என்று சொல்லவில்லையே.

மாலையில் கேமராக்களுக்கு முன் சொன்னேன்: "சூரியபிரகாஷ் இருக்கான், ஜனங்களை அவன் பாத்துப்பான்னு சொன்னாரு." குரல் உடைந்தது. துக்கம் என்று எழுதுவார்கள். துக்கமும்தான்.

மார்ச் 13
ஹெலிகாப்டர் போயிற்று. ஆம்பூரில் ஒரு கண்ணாடிகூட உடையவில்லை.

மார்ச் 20
புதிய முதல்வர் சூரியபிரகாஷ். எனக்குப் பழைய துறையே. வேண்டாம் என்று சொல்லக்கூடத் தெம்பில்லை.

மார்ச் 29
ஊருக்கு வந்தேன். பஜாரில் முக்தார் அகமதுவின் டீக்கடை திறந்திருந்தது. பள்ளிக்கூட நாளிலிருந்து தோஸ்த். கடைக்கு எதிரே பெரிய பேனர். தலைவர் படம், அதன் கீழே நான் சொன்ன பொய். முக்தார் அதைப் பார்த்துக்கொண்டே டீயை நீட்டினான்.

"குத்துனவன் நம்ம ஊருக்காரன்தான், கோவம் இருந்திருக்கும். அதுக்காக ஜெயசீலா, சாவுற நேரத்துல ஆம்பூரைப் பத்தி ஒரு வார்த்தைகூடவா சொல்லல?"

"இல்லடா" என்றேன்.