மீன் குரூப்பில் இருநூறு வீடு

வெட்கத்தை விட்டு ஒன்று சொல்லிவிடுகிறேன் பாய். உன்னைக் கட்டிலில் கிடத்தியிருந்தபோது எல்லோரும் உன் முகத்தைப் பார்த்தார்கள். நான் உன் வலது கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் சட்டைப் பையில் போன் பூட்டிக் கிடந்தது. ஒரு தடவை கொண்டுபோய் வைத்துப் பார்க்கலாமா என்று யோசித்தேன். வைக்கவில்லை. ஆனால் யோசித்தது நிஜம்.

இன்று காலை கடலூர் துறைமுகத்தில் ஐஸ் பெட்டிகளை வண்டியில் ஏற்றிவிட்டுப் போனை எடுத்தேன். விரல் வை என்றது. வைத்தேன். மறுபடியும் வை என்றது. இருபத்தைந்து வருஷம் ஐஸும் உப்பும் தின்ற விரலில் ரேகை எங்கே இருக்கிறது? ரேஷன் கடை மெஷினே என்னை ஆள் இல்லை என்று திருப்பி அனுப்புகிறது. மகள் போட்டுக் கொடுத்த நாலு எண்ணும் எனக்கு நிற்காது. அதனால்தான் நீ உன் விரலை என் போனில் பதிந்து வைத்தாய். தினமும் சிதம்பரம் வந்து, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் உன் ஜெராக்ஸ் கடையில் போனை நீட்டுவேன். நீ விரலை வைத்துத் திறந்து கொடுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாய்.

“அங்க என்னா பாய் தெரியுது, மக்காவா?” என்பேன்.

“சுண்ணாம்பு தெரியுது மச்சான். நீ பாத்து முடி.”

யார் வந்தாலும் அப்படித்தான். கீழவீதி மாமி பேங்க் நம்பர் தட்டினாலும், சர்ச்சு உபதேசியார் பென்ஷன் பேப்பர் பார்த்தாலும் நீ சுவரைத்தான் பார்ப்பாய். கோணலாக விழுந்த ஆதார் ஜெராக்ஸை எட்டாகக் கிழித்துத்தான் கூடையில் போடுவாய். ஒருநாள் நான் வடை மடித்து வாங்கிவந்த தாளில் யாரோ ஒரு பெண்ணின் போட்டோவும் நம்பரும் இருந்தன. “பொண்ணு பாக்கவா பாய்?” என்று கிண்டல் செய்தேன். நீ வடையை என் கையில் வைத்துவிட்டுத் தாளை வாங்கிக் கிழித்தாய். எண்ணெய் உன் சட்டையெல்லாம் ஆனது.

தேர்தல் வந்தது. ஒரு கட்சிக்குப் போன் வேலை பார்க்கிற ஆள் உன் கடைக்கு வந்து, ஜெராக்ஸ் எடுத்தவர்களின் நம்பர் கேட்டான். நீ டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டாய். ஏன் கொடுக்கவில்லை, கால்வாய் கட்டித் தருவதாகத்தானே சொல்கிறான் என்று கேட்டேன். மழைக்காலத்தில் இடுப்பளவு தண்ணீரில் வண்டி ஓட்டுகிறவன் நான். எனக்குக் கால்வாய் பெரிய விஷயம்.

“நாம யாருன்னு தெரியாம வந்தான்னா கால்வாயப் பத்திப் பேசுவான் மச்சான். தெரிஞ்சிக்கினு வந்தான்னா நம்ம சாமியப் பத்தித்தான் பேசுவான். மாறணும்னா மொதல்ல அது மாறணும்” என்றாய்.

தலையை ஆட்டினேன். மறுவாரம் அதே ஆள் மார்க்கெட்டில் என் வண்டியண்டை வந்து நின்றான்.

“அண்ணே, உங்க மீன் குரூப்புல எத்தினி பேரு?”

“இருநூறு வூடு தம்பி.”

என்ன மீன் வந்திருக்கிறது என்று தினமும் காலையில் நான் வாயால் பேசி அனுப்புகிற குரூப். அதைக் கேட்டுத்தான் சிதம்பரத்தில் இருநூறு வீட்டில் குழம்பு என்று எனக்குப் பெருமை. நீ அப்போதுதான் திறந்து கொடுத்திருந்த போனை அவன் கையிலேயே கொடுத்தேன். எந்த வீடு எந்த ஆளுங்க என்று கேட்டான். சொன்னேன் பாய். புரட்டாசியில் எந்த வீடு வாங்காது, நோன்பு மாதத்தில் எந்த வீடு சாயங்காலம் கேட்கும், தவக்காலத்தில் எந்த வீட்டில் கறிக்குப் பதில் மீன், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு ஜோக்கோடு சொன்னேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். எழுதிக்கொண்டும் இருந்தான். பத்து பைசா வாங்கவில்லை. சிரிக்க ஓர் ஆள் கிடைத்தான், அவ்வளவுதான்.

நாலாம் நாள் எல்லா வீட்டுக்கும் மெசேஜ் வந்தது. இந்தப் பக்கத்து வீடுகளுக்கு, அவர்கள் வந்தால் உங்கள் கோயில் போய்விடும் என்று. அந்தப் பக்கத்து வீடுகளுக்கு, அவர்கள் வந்தால் உங்கள் பள்ளிவாசல் போய்விடும் என்று. கால்வாயைப் பற்றி யாருக்கும் ஒரு வரி வரவில்லை.

அன்றைக்குக் கடையில் நீ ஒரு கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டிருந்தாய். தலையைத் தூக்காமலே சொன்னாய்.

“என் வூட்டுக்காரி நம்பர் மூணே பேருகிட்டதான் மச்சான் இருக்கு. நானு, அவ அம்மா.”

“மூணாவது யாரு?”

“மீன்காரரு.”

“அந்த ஆளு சரியில்ல பாய். வேற ஆள மாத்திடு” என்றேன். சிரித்தேன். நீயும் கொஞ்சம் சிரித்தாய். பிறகு கையை நீட்டினாய். போனைக் கொடுத்தேன். விரல் வைத்துத் திறந்து கொடுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

நான்தான் என்று ஒரு வார்த்தை. நாளைக்குச் சொல்லலாம் என்றிருந்தேன். தினமும் வந்தேன், தினமும் கிண்டல் பேசினேன், அதை மட்டும் பேசவில்லை. பன்னிரண்டாம் நாள் உனக்கு நெஞ்சுவலி என்றார்கள். வந்து பார்த்தபோது கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை. ஐஸ் பெட்டிக்குள் ரொம்ப நேரம் கை வைத்திருந்தால் அது கை என்றே தெரியாது பார், அப்படி இருக்கிறது.

நீ போனபிறகு உன் வீட்டுக்காரி, என் தங்கச்சி, வெளி ஆளுக்கு முகம் காட்டாமல் இருக்கிற நாலு மாசம் பத்து நாள் இருப்பு முடியட்டும் என்று காத்திருந்தேன். போன வாரம் போனேன். தங்கச்சி கதவுத் திரைக்கு அந்தப் பக்கம் நின்றது.

“உன் நம்பர வெளிய குடுத்தது நான்தாம்மா.”

“தெரியும்ண்ணே. அவுரு சொன்னாரு.”

“வேற என்னா சொன்னாரு?”

“அவனே வந்து சொல்லுவான், அதுவரைக்கும் நீ கேக்காதன்னாரு.”

நான் செருப்பைத் தேடி மாட்டினேன். திரைக்குப் பின்னாலிருந்து தங்கச்சிதான் மறுபடி பேசியது.

“சொல்லிட்டீங்கல்ல. என் நம்பர எடுத்துடுங்கண்ணே. இனிமே நான் மார்க்கெட்லயே வாங்கிக்கிறேன்.”

அது சொன்னதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குத் தேவலாம்.

இப்போதெல்லாம் எவனாவது பக்கத்தில் போனைத் திறந்தால் என் கழுத்து தானாகத் திரும்பிக்கொள்கிறது. எந்த வீட்டில் என்ன மீன் என்று யாராவது கேட்டால், மீன்தான் தம்பி, மீனில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். ஜோக் குறைந்துபோய்விட்டது. போன வாரம் வரை வியாபாரத்தில் மாற்றம் இல்லை.

தங்கச்சி கேட்டதும், அங்கேயே வாசலில் நின்று, நீ போனபிறகு மகள் சீட்டில் எழுதிக் கொடுத்த நாலு எண்ணைப் பார்த்துப் போனைத் திறந்து, அதன் நம்பரை எடுக்கப் போனேன். எழுத்துக் கூட்டிப் படித்துத்தான் அழுத்தினேன். அழுத்தியது வேறு எழுத்து போல, குரூப்பிலிருந்து நானே வெளியே போய்விட்டேன். தங்கச்சி உள்ளேதான் இருக்கிறது. குரூப்புக்குத் தலைவராக ரிட்டயர்டு வாத்தியார் ஒருவரைப் போனே நியமித்துவிட்டதாம். மறுநாள் காலையில் அவர் இருநூறு வீட்டுக்கும் வணக்கம் சொல்லி ஒரு ரோஜாப்பூ அனுப்பினார். வண்டியில் மூன்று பெட்டி சங்கரா இருந்தது.