மிளகுக் கஷாயமும் புகை மணியும்

அன்புள்ள அம்மாவுக்கு,

ஃபெபியின் ஸ்தோத்திரம். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைஞ்சுதா? கீழ்வேளூரில் மழை விட்டுதா?

இங்கே ஜெர்மனியில், நம்ம ஊர்ப் பக்கத்து வைத்தியர் ஒருத்தர் இருநூறு வருஷத்துக்கு முன்னாடி எழுதின குறிப்பேட்டைத்தான் நூலகத்துக்காகப் படி எடுக்கிறேன். போன வாரம் லேசாகக் காய்ச்சல். அதில் சொன்னபடியே மிளகைக் கருக வறுத்துக் கஷாயம் போட்டேன். ஜன்னலைத் திறக்க மறந்துட்டேன். புகை மணி அலறி, மூணு மாடி ஜனமும் குளிரில் தெருவுக்கு வந்துட்டாங்க! குடிவந்த நாலு மாசத்தில் அன்னைக்குத்தான் எல்லார் முகத்தையும் பார்த்தேன். சிரிக்காதீங்க.

கொஞ்சம் சித்தரத்தை அனுப்புங்க. உங்க பழைய சேலையில் சுத்தி அனுப்பினால் போதும்.

தபால் எடுக்கிற நேரமாச்சு. அந்தக் குறிப்பின் கடைசி வரி, "குடித்தபின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கவும்." நானே தொட்டுப் பார்த்தேன். சூடு இருக்கா இல்லையான்னே தெரியலைம்மா.

ஃபெபி