பக்கத்துக் கட்டிலுக்கு மட்டும் பயிற்சி

14 யூலை 1977, வியாழன்

என் மனிசன் குளியலறையில் வழுக்கி விழுந்து, தலையில் அடிபட்டு இன்றைக்குப் பதினேழு நாள். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில் வெள்ளைக்காரருக்கும் இதே வயது, இதே அடி. அவரை ஒவ்வொரு காலையும் நடக்கவும் பேசவும் பழக்கக் கூட்டிப் போகிறார்கள். இவரை ஒருநாளும் கூட்டிப் போகவில்லை.

இன்று நர்ஸிடம் காரணம் கேட்டேன். "அவருக்கு இங்கிலிஷ் விளங்காதே," என்றாள். யாழ்ப்பாணத்தில் முப்பது வருசம் இங்கிலிஷ் படிப்பித்தவர் இவர். அடிபட்ட பிறகு தமிழ்தான் வாயில் வருகிறது, அதுவும் குழறிக் குழறி. நான் இவரிடம் இங்கிலிஷில் வலக்கையைத் தூக்கச் சொன்னேன். அவள் பார்த்துக்கொண்டு நிற்க, மெல்லத் தூக்கினார்.

பிறகு டொக்டர் வந்து கோப்பைப் புரட்டினார். "உங்கள் ஆட்கள் வீட்டில் வைத்துப் பார்ப்பதைத்தான் விரும்புவார்கள் என்று எழுதியிருக்கிறதே," என்று சிரித்தார்.

"ஆர் சொன்னது? என்னை ஒருத்தரும் கேட்கவில்லை. அதை வெட்டிப்போட்டு, இவருக்கும் பயிற்சி என்று எழுதுங்கோ."

அவர் எழுதினார், பென்சிலால். திங்கட்கிழமை தொடங்குமாம். ஏன் பென்சில்? ஏன் நாளைக்கு இல்லை?

நான் வீட்டுக்கு வெளிக்கிடும்போது இவர் என் சேலையைப் பிடித்து இழுத்தார். "நம்பாதேயும்," என்றார். பதினேழு நாளில் குழறாமல் வந்த முதல் சொல் அது.

நாளைக்கு நான் வேலைக்குப் போகவில்லை. இவரின் கட்டிலடியிலேயே இருக்கப்போகிறேன்.